காப்பீட்டுத் தணிக்கையும் பழவேற்காட்டு நோயாளியும்

பழவேற்காட்டுக்குக் கணக்குப் பரிசோதனை புதிய விஷயமன்று. 1613-ஆம் ஆண்டில் அங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரையில் தங்கள் துணி வியாபாரத்தை அவ்விடத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திவந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், தங்கள் வரவு செலவுகளைப் பிரதி எடுத்து ஜாவாத் தீவிலுள்ள படாவியா நகருக்குக் கப்பலேற்றி அனுப்ப, அங்கே அதற்கென்றே நியமிக்கப்பட்டிருந்த உத்தியோகஸ்தர்கள் கூட்டலையும் கழித்தலையும் ஒத்துப் பார்த்துத் திருப்தியடைவது வழக்கமாயிருந்தது. கம்பெனியின் சேவகர்கள் மறைவில் நடத்திய சொந்த வியாபாரமோ எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஏறாத ஒன்றைப் பேரேட்டிலிருந்து கண்டுபிடிப்பது எவருக்கும் சாத்தியமும் இல்லை. ஆகவே 1684-இல் ஹாலந்திலிருந்த இயக்குநர் சபையார், மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற மகத்தான நூலைத் தொகுப்பித்தவரான ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவருக்கு விசேஷ அதிகாரம் கொடுத்து, வங்காளம், சோழமண்டலம், இலங்கை ஆகிய இடங்களுக்கு நேரிலே சென்று முறைகேடுகளை விசாரிக்கும்படி அனுப்பினார்கள். அவர் காலத்து மாறுதல்களுள் ஒன்றாக, 1690-இல் தலைமையிடமே பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. காகிதத்தைப் பார்க்கும் தணிக்கை காகிதத்தில் உள்ளதை மட்டுமே காணும் என்ற பாடத்தை அந்த வியாபாரிகள் மிகுந்த பொருட்செலவில் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

அந்தக் கோட்டை இருந்த இடத்தைச் சுற்றியுள்ள கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், கடலோரமாக நீளும் வைரவன்குப்பம், கோரைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவ கிராமங்களில் இன்று பெரும்பாலான வீடுகளில் ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தப்பட்டிருக்கும் இன்னொரு அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை. ஜனங்கள் அதைக் ‘காப்பீட்டுக் கார்டு’ என்றே சொல்கிறார்கள். அந்த அட்டையின் பேரில் சர்க்கார் பணம் செலவாகிறது. செலவான பணம் நேர்மையாகச் செலவாயிற்றா என்று தணிக்கை நடக்கிறது. அந்தத் தணிக்கையை எப்படிச் சீர்திருத்துவது என்பது ஆஸ்பத்திரி நிர்வாகிகளும் காப்பீட்டுக் கம்பெனியாரும் கணக்குத் தணிக்கையாளரும் தங்களுக்குள் விவாதித்துத் தீர்க்கவேண்டிய சாஸ்திர விஷயம் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. அந்த விவாதத்தில் இதுவரை அழைக்கப்படாத நான்காவது தரப்பு ஒன்று உண்டு. அது படுக்கையில் கிடந்தவனுடைய தரப்பு. அவன் சொல்லுவதைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்ளாத தணிக்கை எவ்வளவு கடுமையாக நடந்தாலும் பாதித் தணிக்கையே என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இடத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். இந்தியாவின் உப்பங்கழிகளுள் சில்காவுக்கு அடுத்தபடி பெரியதாகிய பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை மட்டுமே தமிழ்நாட்டைச் சேர்ந்தது. வலை வீசுவதற்கே அவ்வப்போது எல்லைத் தகராறு உண்டாகிற அந்த நீர்ப்பரப்பில், வைத்தியத்துக்கும் ஓர் எல்லைக்கோடு விழுந்திருக்கிறது. ஆந்திரத்தில் 2007-ஆம் ஆண்டு ஏப்ரலில், ராஜசேகர ரெட்டியின் ஆட்சியில், ஆரோக்கியஸ்ரீ என்ற திட்டம் சில ஜில்லாக்களில் தொடங்கியது. ஆரம்பத்தில் காப்பீட்டுக் கம்பெனியின் மூலமாக நடந்த அது, பின்னர் அறக்கட்டளை ஒன்றே ஆஸ்பத்திரிகளுக்கு நேராகப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது, 2012 ஜனவரி 11-இல் இப்போதுள்ள பெயரையும் உருவத்தையும் பெற்று, யுனைடெட் இந்தியா என்ற பொதுத்துறைக் காப்பீட்டுக் கம்பெனியின் மூலமாக நடந்துவருகிறது. 2018 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்து இதனோடு இணைந்த பிறகு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கக்கூடிய சிகிச்சைத் தொகை ஐந்து லட்சமாக உயர்ந்தது. தகுதிக்குரிய வருமான வரம்பும் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஆக, ஏரியின் வடபுறத்தில் பணம் கொடுப்பவரும் சரிபார்ப்பவரும் சர்க்காரின் அறக்கட்டளை. தென்புறத்தில் பணம் கொடுப்பது சர்க்காரிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்ட கம்பெனி, சரிபார்ப்பது அந்தக் கம்பெனி அமர்த்திய இடைநிலை நிறுவனம். ஏரிக்கு நடுவே ஆந்திர எல்லைக்குள் கிடக்கும் இரக்கம் தீவில் தமிழ் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் கையிலிருப்பது ஆந்திர அட்டை. 2019 நவம்பரில் ஆந்திர சர்க்கார் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் சில ஆஸ்பத்திரிகளிலும் ஆரோக்கியஸ்ரீ செல்லும் என்று ஏற்பாடு செய்தது அத்தகையவர்களுக்குப் பெரிய உபகாரம். ஆனாலும், ஒரே ஏரித் தண்ணீரில் நின்று ஒரே மாதிரி முதுகுவலியையும் கல்லடைப்பையும் சம்பாதித்துக்கொள்ளுகிற இரண்டு மீனவர்களுடைய சிகிச்சைக் கணக்குகள், வெவ்வேறு விருப்பங்களை உடைய இருவகைக் கண்களால் பரிசோதிக்கப்படுகின்றன. பணம் தன்னுடையதே ஆகையால் அறக்கட்டளைக்கு, வருஷக் கடைசியில் கஜானா வறளும்போது கொடுப்பதைத் தாமதிக்கலாம் என்ற சபலம் உண்டு. கட்டணத்தை முன்னமே வாங்கிவிட்ட கம்பெனிக்கோ, மறுக்கிற ஒவ்வொரு கோரிக்கையும் மிச்சமாகும் என்ற சபலம் உண்டு. குறிப்பிட்ட வீதத்துக்கு மேல் மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையை இத்தகைய ஒப்பந்தங்களில் சேர்ப்பது அந்தச் சபலத்தை ஓரளவு அடக்குவதற்காகத்தான்.

இனி, ஒரு கோரிக்கை எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரிகளோ அதைப்போல் மூன்று மடங்குத் தூரம். நெஞ்சுவலி என்று ஒருவரை ஷேர் ஆட்டோவிலோ 108 ஆம்புலன்ஸிலோ ஏற்றிக்கொண்டு போனால், சேர்க்கும் இடத்திலேயே ஒரு மேஜை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் கார்டையும் ஆதாரையும் வாங்கிக் கணினியில் ஏற்றி, டாக்டர் எழுதிய குறிப்பையும் பரிசோதனை முடிவுகளையும் படமெடுத்து முன் அனுமதிக்கு அனுப்புகிறார். ‘அப்ரூவல் வந்துடுச்சா?’ என்பதுதான் அந்த வராந்தாவில் அதிகமாகக் கேட்கும் வாக்கியம். அனுமதி வந்து, சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு அனுப்பும்போது கோப்பு பூர்த்தியாகிறது. அதனுள்ளே நோயாளி கட்டிலில் படுத்திருக்கும் புகைப்படம், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், உள்ளே வைத்த ஸ்டென்டின் ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சுருக்கம், ‘எனக்குத் திருப்தியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது, என்னிடம் பணம் எதுவும் வாங்கவில்லை’ என்ற கருத்துள்ள தாளில் ஒரு கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை ஆகிய எல்லாம் இருக்கும். இவற்றுள் நோயாளியின் வீட்டுக்கு வருவது டிஸ்சார்ஜ் சுருக்கம் ஒன்றே. அதுவும் இங்கிலீஷில் இருக்கும். தன் பேரில் எவ்வளவு தொகை கேட்கப்பட்டது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் ரசீது அவன் கைக்கு வருவதில்லை. மளிகைக்கடையில் கால் கிலோ பருப்புக்குச் சீட்டு வாங்குகிறவன், லட்ச ரூபாய் வைத்தியத்துக்குச் சீட்டு இல்லாமல் பஸ் ஏறுகிறான்.

தணிக்கையாளர் பார்ப்பது இந்தக் கோப்பை. கோப்பு பூரணமாக இருந்தால் நடந்ததும் சரியென்று கொள்ளப்படுகிறது. ஒரு படம் குறைந்தால் நடக்காததாகவே கொள்ளப்படுவதும் உண்டு. கள்ளத்தனம் செய்கிற ஆஸ்பத்திரிக்குக் கோப்பைப் பூரணமாக்கத் தெரியும். அதற்கென்றே ஆள் வைத்திருக்கும். ராத்திரியில் வந்த நோயாளியைக் காப்பாற்றுவதில் முனைந்து, முன்படம் எடுக்க மறந்துபோன சின்ன ஆஸ்பத்திரிதான் பெரும்பாலும் அகப்படுகிறது.

இந்த நாட்டில் இவ்விஷயத்தில் நடந்த தணிக்கைகளுள் மிகப் பெரியது, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைப் பற்றித் தயாரித்து, 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட அறிக்கை. 28 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த 161 ஜில்லாக்களில் 964 ஆஸ்பத்திரிகளை மாதிரிக்கு எடுத்துக்கொண்டும், திட்டத்தின் கணினித் தரவுகளை அலசியும் எழுதப்பட்ட அது உண்மையில் பெரு முயற்சி. இறந்துபோனதாகப் பதிவான நோயாளிகளுள் 3,446 பேருடைய பெயரில் அதன் பின்னும் 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது என்று அது கண்டுபிடித்தது. தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களின் மேல் 4,761 பதிவுகள் இருந்தன. சர்க்கார் ஓய்வூதியம் பெறுகிற 1,07,040 பேர் பயனாளிகளின் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்காகக் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன கட்டணம் ஏறத்தாழ 22.44 கோடி ரூபாய். எல்லாவற்றையும்விடப் பத்திரிகைகளில் அதிகமாக அடிபட்டது, 9999999999 என்ற ஒரே மொபைல் எண்ணோடு 7,49,820 பயனாளிகள் இணைக்கப்பட்டிருந்தார்கள் என்ற விவரம்.

அந்த எண்ணைப் பார்த்து எதிர்க்கட்சியார் ‘ஊழல்’ என்றார்கள். சர்க்கார் தரப்பிலோ, அடையாளம் சரிபார்க்கப்படுவது ஆதாரைக் கொண்டே ஆகையால் மொபைல் எண்ணுக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை என்று சமாதானம் சொல்லப்பட்டது. இரு சாராரும் தங்கள் தங்கள் அளவில் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் இரு சாராரும் பிரதான விஷயத்தை விட்டுவிட்டார்கள். பத்து ஒன்பதுகளைப் போட்டவன் திருடன் என்பதற்கு அது சாட்சியாகாது. படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி மேலே போக மறுக்கிறது, எதிரே நிற்கும் கிழவிக்கோ போன் கிடையாது, வரிசை நீண்டுகொண்டிருக்கிறது, எழுதுகிறவன் ஒன்பதை அழுத்திக்கொண்டே போய்விட்டான் என்று ஊகிப்பதற்குப் பெரிய புத்தி வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணிலிருந்து ஒரு விஷயம் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது. அந்த ஏழரை லட்சம் பேரை எவரும் எக்காலத்திலும் கூப்பிட்டு, ‘உங்களுக்கு வைத்தியம் நடந்ததா? உங்களிடம் பணம் வாங்கினார்களா?’ என்று கேட்டிருக்க முடியாது. மொபைல் எண் பணம் கொடுப்பதற்கு வேண்டியதில்லை என்பது உண்மையே; நோயாளியைத் தொலைபேசியில் சாட்சியாக விசாரிப்பதற்கு அது இல்லாமல் முடியாது என்பதும் உண்மை. வீட்டுக்குப் போன நோயாளிகளுள் ஒரு பகுதியினரைத் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும் என்று திட்டத்தின் மோசடித் தடுப்பு விதிகளே சொல்லுகின்றன. விதி இருந்தது, எண் இல்லை.

எண் இருந்தாலும் மீனவ கிராமத்தில் அது யாருடைய எண் என்பது வேறொரு கேள்வி. வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது விடியற்காலையில் படகோடு போய்விடும். அல்லது சென்னையில் வேலை பார்க்கிற மகனுடைய எண் கொடுக்கப்பட்டிருக்கும். கர்ப்பப்பை எடுக்கப்பட்ட பெண்ணைப் பற்றி அவள் மகனிடமோ மைத்துனனிடமோ கேட்டால் என்ன பதில் வரும்? ‘பணம் ஏதாச்சும் வாங்கினாங்களாம்மா?’ என்று தெரியாத குரல் ஒன்று கேட்கும்போது, மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குத்தானே போகவேண்டும் என்ற பயத்தில், ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க’ என்று சொல்லிவிடுவதே உலக இயல்பு. அந்தப் பதில் ‘திருப்தி’ என்ற கட்டத்தில் பதிவாகும்.

தரவை மட்டும் அலசுவதில் உள்ள இன்னொரு சிக்கலையும் அந்த அறிக்கையே காட்டித் தருகிறது. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும் தேதிக்கு முன்பாகவே மற்றோர் இடத்தில் சேர்ந்ததாகக் காணப்படும் நோயாளிகள் 48,387 பேர் என்றும், அவர்கள் பேரில் 78,396 கோரிக்கைகள் என்றும் தணிக்கையாளர் கணக்கிட்டார். திட்டத்தை நடத்தும் தேசியச் சுகாதார ஆணையம் அதற்குச் சொன்ன விளக்கங்களுள் ஒன்று, ஓரிடத்தில் பிரசவமாகி, குழந்தை மட்டும் வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்படும்போது தாயின் அடையாள எண்ணிலேயே குழந்தைக்கும் சிகிச்சை நடக்கிறது என்பது. பொன்னேரியில் தாயும் சென்னையில் இன்குபேட்டரில் சிசுவுமாகப் பிரிந்து கிடக்கிற குடும்பங்களை அறிந்தவர்கள் இந்த விளக்கத்தை அலட்சியமாகத் தள்ளமாட்டார்கள். எனினும் அப்படி இரண்டு இடத்தில் இருந்தவர்களுள் 23,670 பேர் ஆண்கள் என்று தணிக்கையாளர் எடுத்துக்காட்டியபோது, அந்த விளக்கம் முழுவதுக்கும் போதாது என்பது வெளியாயிற்று. எது சிசு, எது மோசடி என்பதைக் கணினியின் முன் உட்கார்ந்துகொண்டு பிரிக்க இயலாது. வீட்டுக்குப் போய்க் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். மேலும், 2021 மார்ச் வரையிலான காரியங்களைப் பற்றிய அறிக்கை 2023 ஆகஸ்டில்தான் சபைக்கு வந்தது. அத்தனை காலம் கழித்து வருவதைச் சரித்திரம் என்று சொல்லலாம். அதைக் கொண்டு ஒரு வார்டைத் திருத்த முடியாது.

இதைப் படித்துவிட்டுத் தணிக்கை இன்னும் கடுமையாக வேண்டும் என்று ஒருவர் சொல்லக்கூடும். கடுமை என்றால் என்ன என்பதை அமெரிக்கா ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தது. அங்கே முதியோருக்கான மெடிக்கேர் திட்டத்தில் அதிகப்படியாகக் கொடுக்கப்பட்ட பணத்தைத் திரும்ப வசூலிப்பதற்காக, 2005-இல் கலிபோர்னியா, புளோரிடா, நியூயார்க் ஆகிய மூன்று மாநிலங்களில் தனியார் தணிக்கை நிறுவனங்கள் அமர்த்தப்பட்டன. 2006-இல் நிறைவேறிய சட்டம் அதை நாடு முழுவதுக்கும் விரித்தது. அந்த நிறுவனங்களுக்குச் சம்பளம் கிடையாது; வசூலித்துக் கொடுப்பதில் நூற்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை பங்கு உண்டு. பங்கு வாங்குகிற தணிக்கையாளன் எதைத் தேடுவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆஸ்பத்திரிகள் மேல்முறையீட்டில் குவிந்தன. 2013 இறுதியில் புதிய முறையீடுகளை நீதிபதிகளுக்கு ஒதுக்குவதையே நிறுத்திவைக்கும்படியான தேக்கம் உண்டாயிற்று. 2014-இல் தகராறிலிருந்த தொகையில் நூற்றுக்கு 68 வீதம் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளச் சர்க்காரே முன்வந்தது. 2022-க்குள் தேக்கம் முழுவதையும் தீர்க்கவேண்டும் என்று 2018-இல் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இவையெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் சர்க்காருக்கும் இடையிலான வழக்கு என்று விட்டுவிடலாமானால் நமக்குக் கவலை இல்லை. ‘உள்நோயாளியாகச் சேர்த்தது அவசியமில்லை’ என்று தணிக்கையில் பணம் பிடுங்கப்படும் என்ற பயத்தினால், ஆஸ்பத்திரிகள் நோயாளிகளை ‘கவனிப்பில்’ வைத்திருப்பதாக மட்டும் எழுதிக் கட்டிலில் கிடத்தத் தொடங்கின. மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தவருக்கே பின்னர் பராமரிப்பு இல்லத்தின் செலவு கிடைக்கும் என்பது மெடிக்கேரின் விதி; ஆகவே அந்த முதியவர்கள் பல நாள் படுக்கையில் இருந்தும் அந்த உரிமையை இழந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓங்கிய கோல் நோயாளியின் முதுகில் விழுந்தது.

ஜெர்மனி வேறு வழியில் போயிற்று. ஆஸ்பத்திரியின் பில் ஒன்றைச் சந்தேகித்துத் தணிக்கைக்கு அனுப்பிய காப்பீட்டு நிதியம், அதில் குறைக்கத்தக்கது யாதொன்றும் இல்லை என்று முடிவானால், ஆஸ்பத்திரிக்கு 300 யூரோ கொடுக்கவேண்டும் என்று அங்கே விதி செய்தார்கள். 2020 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, எந்த ஆஸ்பத்திரியின் பில்களில் எத்தனை வீதத்தைத் தணிக்கைக்கு எடுக்கலாம் என்பதே, அந்த ஆஸ்பத்திரியின் முந்தைய பில்களில் எத்தனை சரியாயிருந்தன என்பதைப் பொறுத்தது. ஒழுங்காக நடப்பவனுக்குத் தொந்தரவு குறைகிறது. பிசகுகிறவனுக்குப் பரிசோதனை கூடுகிறது. இது நியாயமும் ஆகும், சிக்கனமும் ஆகும். நம் திட்டங்களில் இதை அப்படியே பெயர்க்க முடியாது என்றாலும், சந்தேகிப்பதற்கும் ஒரு விலை உண்டு என்ற கொள்கையை நாம் கடன் வாங்கலாம். அந்த விலையை இப்போது கொடுப்பவன் நோயாளி. 2024 மே மாதத்தில் பாக்கித் தொகை வரவில்லை என்று ஆந்திரத்தின் தனியார் ஆஸ்பத்திரிகள் ஆரோக்கியஸ்ரீ சேவையை நிறுத்தியபோது ஏரியின் வடகரையில் இருந்தவனுக்கும், ‘இது கார்டுல வராதும்மா’ என்று மேஜையிலிருந்தே திருப்பி அனுப்பப்படுகிற தென்கரைக்காரனுக்கும் நேர்ந்தது ஒன்றே. இருவரும் மீன் வியாபாரியிடமோ நகை அடகுக்கடையிலோ கடன் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

திருப்பி அனுப்பப்பட்டவன் எந்தக் கோப்பிலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுக்கப்பட்ட கோரிக்கைகளின் பட்டியலிலிருந்து நூற்றுக்கு இத்தனை என்று மாதிரி எடுக்கும் தணிக்கையில் அவன் ஒருநாளும் அகப்படமாட்டான். மறுக்கப்பட்ட கோரிக்கைகளையும் சேர்த்து மாதிரி எடுத்தால், அனுமதி கேட்டுக் கிடைக்காதவர்கள் அகப்படுவார்கள். அனுமதி கேட்காமலே திருப்பப்பட்டவர்கள் அப்போதும் தப்பிவிடுவார்கள். கார்டையும் காட்டி, கையிலிருந்து பணமும் கட்டியவர்களோ, கோப்பைப் பொறுத்தவரை திருப்தியுற்ற நோயாளிகள். ஜார்க்கண்ட், மேகாலயம் முதலிய மாநிலங்களில் பயனாளிகளிடமிருந்தே பணம் வாங்கப்பட்டதைத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையும் குறிப்பிட்டிருக்கிறது. இம்மூவகையாரையும் காண்பதற்கு ஒரே வழி, மாதிரியை வீட்டிலிருந்து எடுப்பது. ஒரு கிராமத்தில் கடந்த ஓராண்டில் ஆஸ்பத்திரியில் படுத்தவர் யார் யார், எங்கே, என்ன செலவு, யார் கொடுத்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு அதைக் கம்பெனியின் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்து வீட்டில் இல்லாதது மோசடி. வீட்டில் இருந்து பட்டியலில் இல்லாதது மறுப்பு. இரண்டையும் ஒரே பரிசோதனை வெளிக்கொணரும்.

பழவேற்காட்டில் இது கேட்பதற்குத் தோன்றுகிற அளவு கஷ்டமான காரியமன்று. ஏனெனில் இங்கே கணக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் ஊரிலேயே இருக்கிறது. ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாட்டைப் பட்டினவ மீனவர்கள் நெடுங்காலமாகக் காத்துவருகிறார்கள். இன்றைக்கு எந்தப் பாட்டில் யாருடைய முறை என்பது ஊரறிந்த விஷயம். பிறர் முறையில் வலை கட்டியவன் மறுநாளே பஞ்சாயத்தின் முன் நிற்பான். கல்யாணமான ஆண்மகன் ஒவ்வொருவனையும் ஒரு தலைக்கட்டாக எண்ணி, வரி வாங்குவதற்கும் பங்கு கொடுப்பதற்கும் ஊரார் வைத்திருக்கும் கணக்கு, ஒவ்வொரு கல்யாணத்திலும் சாவிலும் திருத்தப்படுவது. 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கை வைத்துக்கொண்டு ஆயுஷ்மான் பாரத் திட்டம் எத்தனையோ வருஷம் தடுமாறியதையும், லட்சத்துக்கு மேற்பட்ட ஓய்வூதியதாரர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் புகுந்திருந்ததையும் இதனோடு வைத்துப் பார்த்தால், எந்தக் கணக்கு உயிருள்ளது என்பது விளங்கும்.

அதற்காகத் தணிக்கையை ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிராம ஐக்கியத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில்தான் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பாட்டில் பங்கு பட்டினவ ஆண்களுக்கே. ஏரிச் சேற்றில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களுக்கும், அந்த முறையில் சேர்த்துக்கொள்ளப்படாத பிற ஜாதியாருக்கும் அதில் இடம் இல்லை, பெண்கள் தலைக்கட்டாவதில்லை. சர்க்காரின் அட்டை கிடைக்காமல் போவதற்கும், ஆஸ்பத்திரி மேஜையில் அலட்சியமாகத் திருப்பப்படுவதற்கும் அதிக ஏதுவுள்ளவர்கள் அவர்களே. ஆகவே ஊர்க் கணக்கைத் துணையாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதுவே எல்லையாகிவிடக் கூடாது.

ராஜஸ்தானத்தில் 1990-களில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு நடத்திய ஜனவிசாரணைகளிலிருந்து பிறந்து, 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இடம் பெற்ற சமூகத் தணிக்கை முறையை அப்படியே ஆஸ்பத்திரிக் கணக்குக்கும் கொண்டுவரலாம் என்பாரும் உண்டு. ஏரி வெட்டியதில் எத்தனை பேர் கூலி வாங்கினார்கள் என்பதை ஆலமரத்தடியில் உரக்கப் படிக்கலாம். ஒரு பெண்ணுக்கு எந்த உறுப்பில் சிகிச்சை நடந்தது என்பதை அப்படிப் படிப்பது அநியாயம். வைத்தியத்தில் ரகசியம் நோயாளியின் சொத்து. ஆதலால் இங்கே விசாரணை வீட்டுக்குள், நோயாளியோடு தனியே, பெண்ணுக்குப் பெண் என்ற முறையில் நடக்கவேண்டும்; சபையில் படிக்கத்தக்கவை எத்தனை பேர், எத்தனை மறுப்பு, எவ்வளவு பணம் என்ற தொகைகள் மட்டுமே.

அந்த விசாரணைக்கு உயிர் கொடுப்பது ரசீது. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே, தமிழில் ஒரே பக்கத்தில், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, செய்த சிகிச்சை, திட்டத்தின் பேரில் கேட்கப்படும் தொகை, ஐந்து லட்சத்தில் மீதி இவ்வளவு என்று அச்சிட்டு நோயாளியிடம் கொடுத்துவிட வேண்டும். மறுப்பானாலும் அவ்வாறே காரணத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டதா என்பதை மகளோ பக்கத்து வீட்டுப் பையனோ படித்துச் சொல்லிவிடுவார்கள். மூன்று நாள் படுத்திருந்தவனுடைய சீட்டில் ஏழு நாள் என்றிருந்தால், அதைக் கண்டுபிடிக்கக் கணினி வித்தை வேண்டியதில்லை. தணிக்கை செய்பவருக்கு வசூலில் பங்கு கூடாது என்பதும், எழுத்துப் பிழையையும் விடுபட்ட படத்தையும் மோசடியோடு ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது என்பதும், ஓராண்டுக்கு மேல் பழைய கோரிக்கையைக் கிளறிப் பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்பதும் இதனோடு சேர வேண்டியவை; இவை இல்லாவிட்டால் சிற்றூர்களின் நேர்மையான சின்ன ஆஸ்பத்திரிகள் திட்டத்தை விட்டு விலகிவிட, மிஞ்சுவன கோப்பு தயாரிப்பதில் கைதேர்ந்த பெரிய ஸ்தாபனங்களே.

இனி, வீட்டுக்குப் போவது யார் என்ற கேள்வி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பெண் தன்னார்வலர்கள் செல்லுகிறார்கள். அவர்களே ஒரு தாளை நிரப்பிக்கொண்டு வரலாமே என்று தோன்றும். எனக்கு அது சம்மதமில்லை. அவர்கள் சுகாதாரத் துறையின் கீழ் வேலை செய்பவர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் இத்திட்டத்தில் கோரிக்கை அனுப்பிப் பணம் பெறுகின்றன, அதில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போகிறது. தன் துறையின் மேல் தானே சாட்சி சொல்லவேண்டிய நிலையில் அந்தப் பெண்களை நிறுத்துவது அவர்களுக்கும் சங்கடம், உண்மைக்கும் சங்கடம். ஊரக வேலைத் திட்டத்துக்காக இந்த மாநிலத்தில் ஏற்கெனவே சமூகத் தணிக்கைக்கென்று ஒரு சங்கமும், அதில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்திய ரகசியத்தைக் காப்பதில் தனிப் பயிற்சி கொடுத்து, ஒரு டாக்டரைத் துணையாக வைத்து அனுப்புவதே மேல். அதற்காகும் செலவைச் சர்க்கார் கம்பெனிக்குக் கொடுக்கும் கட்டணத்திலிருந்தே ஒரு சிறு வீதமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கொடுப்பது கம்பெனியாக இராமல் நிதித் துறையாக இருக்கவேண்டும். 2022 ஜனவரியில் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது இப்போதுள்ள ஒப்பந்தம். அடுத்த ஒப்பந்தத்தின் டெண்டர் நிபந்தனைகளில் தமிழ் ரசீது, மறுப்புக்கு எழுத்து மூலமான காரணம், வீட்டிலிருந்து எடுக்கும் மாதிரி ஆகிய மூன்று ஷரத்துகளைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.